பட்டாசின் கடைசி உகரம்

விருதுநகர் மாவட்டத்தில் வீட்டிலேயே குரல் பதிவு செய்யும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்று பல ஊர்களில், மாடி அறையிலோ பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவிலோ ஒரு மைக்கை நிறுத்தி நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். சிலர் கரிசல் கதைகளை வாசித்துப் பதிவேற்றுகிறீர்கள். சிலர் கும்மியும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார்களைத் தேடிப்போய்ப் பாடவைக்கிறீர்கள். இன்னும் சிலர் தீப்பெட்டி ஆபீசிலும் வெடி ஆபீசிலும் ஆயுசைக் கழித்தவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்கிறீர்கள். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை அல்ல இது. நீங்களாக எடுத்துக்கொண்டது. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பதிவுகளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறவன் நான். கொஞ்ச காலமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின்னணி துப்புரவாக இருக்கிறது. மின்விசிறி இல்லை, தெரு இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் பேசுகிறவர் ‘பட்டாசு’ என்று சொல்ல, காதில் ‘பட்டா’ என்று மட்டும் விழுகிறது. ‘ஒட்டிட்டு வந்தேன்’ என்பது ‘ஒட்டிட் வந்தே’ என்று நிற்கிறது. கேட்கிறவருக்கு அர்த்தம் புரிந்துவிடும் என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

பள்ளியில் குற்றியலுகரம் படித்திருப்போம். சொல்லின் கடைசியில் வல்லின மெய்யோடு வரும் உகரம் முழு நீளம் ஒலிக்காமல் குறுகி ஒலிக்கும். தொல்காப்பியம் அதற்கு அரை மாத்திரை அளவு கொடுக்கிறது. உதடு குவியாமல், மூச்சு ஓய்கிற இடத்தில் வருகிற ஒலி அது. நம் பேச்சில் மிகவும் மெலிந்த ஒலிகளில் ஒன்று. நாய்ஸ் கேட் என்கிற கருவிக்கு இலக்கணம் தெரியாது. நீங்கள் ஒரு அளவு வைக்கிறீர்கள். அந்த அளவுக்குக் கீழே போகிற எதையும் அது அடைத்துவிடும். மின்விசிறிச் சத்தம் கீழே போகும். கடைசி உகரமும் கீழே போகும். இரண்டும் ஒன்றாக அடைபடும்.

‘பட்டாசு’ என்ற சொல்லில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அந்தச் சகரத்தை நாம் உரசி ஒலிக்கிறோம். உரசொலி என்பது ஒலி அலையாகப் பார்த்தால் ஒழுங்கில்லாத இரைச்சல்தான். மின்விசிறிக் காற்றின் ‘உஸ்’ஸும் அதே குடும்பம். சத்தத்தைக் கழிக்கும் நாய்ஸ் ரிடக்ஷனை அழுத்திப் போட்டால் அது சகரத்தையும் காற்று என்று நினைத்துக் கரைக்கும். உகரத்தை ஒரு கருவி தின்ன, சகரத்தை இன்னொரு கருவி தின்ன, மிச்சம் ‘பட்டா’. சொல்லின் முடிவில் உகரம் சேராத வாக்கியம் நம் பேச்சில் அபூர்வம்: வீடு, காசு, திரி போட்டு, சரம் பின்னிட்டு. ஆங்கிலக் குரலுக்காக ஒருவர் வீடியோவில் சொல்லிக்கொடுத்த அளவை அப்படியே எடுத்துத் தமிழ்க் குரலில் போடும்போது இந்தச் சேதம் நடக்கிறது.

அதனால்தான் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: சத்தத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு மைக்கைத் திறக்காதீர்கள். பதிவுக்கு முன் நிறுத்திய சத்தத்துக்காகக் குரலில் ஒரு துளி கூட இழக்க வேண்டியதில்லை. பதிவுக்குப் பின் நீக்கும் ஒவ்வொரு சத்தமும் குரலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும்.

நம் ஊர்ச் சத்தங்கள் நமக்குத் தெரிந்தவைதான். அச்சகத்தெருவில் வீடு என்றால் ஆஃப்செட் மெஷின் ஓடும்போது தரை வழியாகவே அதிர்வு வரும். காதுக்கு அது கேட்காமல்கூட இருக்கலாம். மைக் ஸ்டாண்டின் கால் வழியாக ஏறிப் பதிவில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த கோணிச்சாக்கோ தடித்த மிதியடியோ போட்டாலே பாதி குறையும். அருப்புக்கோட்டைப் பக்கம் தறிச்சத்தம். அது நின்று நின்று அடிக்கிற சத்தம் என்பதால் மென்பொருள் அதைப் பிடிக்கத் திணறும்; தறி நிற்கிற நேரத்தைத் தெரிந்துகொண்டு பதிவு செய்வதே வழி. கோயில் பொங்கல் வந்துவிட்டால் கூம்பு ஸ்பீக்கர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பங்குனிப் பொங்கல் நேரத்தில் அந்த விதியை நம்பி நாள் குறிக்காமல், ஊர்த் திருவிழாக் காலண்டரைப் பார்த்து நாள் குறிப்பது நல்லது.

கோடையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். வயதானவர்களை மின்விசிறி இல்லாத அறையில் உட்காரவைத்துப் பேசவிடக் கூடாது. அவர்கள் உடம்புதான் முக்கியம். அப்படிப்பட்ட பதிவுகளை விடிகாலையில் வையுங்கள். முடியாவிட்டால் மின்விசிறி ஓடட்டும், மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோங்கள். இதில் எளிய கணக்கு ஒன்று உண்டு: மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அறைச்சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு வந்துவிட்டால் விலைகொடுத்து வாங்கும் எந்த மென்பொருளும் தராத தெளிவு கிடைக்கும். அருகே வந்தால் பகரத்தில் காற்று மோதி ‘புப்’ என்று அடிக்கும்; மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். நடுவில் ஒரு துணித்திரை வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி கண் விட்டு நெய்தது; எம்பிராய்டரி வளையத்தில் இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினால் திரை தயார்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதன் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். நல்ல மின்சாரத்தில் வரும் ரீங்காரத்தை 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் ஃபில்டரும் ஒன்றிரண்டு நாட்ச் ஃபில்டரும் அடக்கிவிடும். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் 150, 250, 350 என்று மேலே மேலே கிளை விடும். அவை மனிதக் குரல் வாழ்கிற இடத்திலேயே வந்து உட்கார்கின்றன. ஒவ்வொன்றாக வெட்டப்போனால் குரல் ஒல்லியாகிவிடும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜரால் வருகிற கீச்சொலி பாதிப் பேரின் பதிவில் இருக்கிறது.

அறையைப் பற்றி. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளிச்சத்தத்தை அது தடுக்காது. கடையில் விற்கிற ஸ்பாஞ்ச் பலகைகளும் உள்ளே எழுகிற எதிரொலியில் மேல் ஒலிகளை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனம். கனமும் இடைவெளி இல்லாமையும். கதவுக்கடியில் ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் தெரு உள்ளே வந்துவிடும். அதனால்தான் வானொலி நிலைய ஒலிப்பதிவு அறைக்கு இரட்டைக் கதவு வைக்கிறார்கள். நம்மிடம் பஞ்சு இருக்கிறது. பருத்தி விளைந்த மண்ணில், பருத்திக்கே சந்தையாக வளர்ந்த விருதுநகரில், பழைய பஞ்சுமெத்தை இல்லாத வீடு எது? இரண்டு மெத்தைகளைப் பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பேசுகிறவருக்கு எதிரே, மைக்குக்குப் பின்னால் ஒரு ஜமுக்காளம். கான்கிரீட் அறையின் கணீர் எதிரொலி அடங்கிவிடும். எதிரொலியை மென்பொருளால் நீக்குவது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அதுவும் அதே குரல்தான்.

இனி வெடி.

பட்டாசுக்கான ஒலி வரம்பு, 1999ஆம் ஆண்டு அரசாணைப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்ற அதே கணக்கைக் காகிதத்தில் போட்டால், வரம்புக்குட்பட்ட ஒரு வெடி பேச்சின் அளவுக்கு இறங்க ஏழு கிலோமீட்டர் ஆகும். வீடுகளும் காற்றும் நடுவில் நின்று குறைத்துவிடுவதால் உண்மையில் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் அடுத்த தெருவில் கல்யாண ஊர்வலமோ இறுதி ஊர்வலமோ போனால் பதிவு போயிற்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசையும் இரண்டு மணி நேர வரம்பையும் சொன்னபிறகு, சரவெடிக்குத் தடை வந்தபிறகு, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் என்று நேரம் குறித்திருக்கிறார்கள். மற்ற நாட்களின் வெடிக்கு நேரம் காலம் கிடையாது.

வெடிச்சத்தத்தை நாய்ஸ் ரிடக்ஷன் எடுக்காது. 1979இல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் எழுதிக்காட்டிய வழிமுறையின் வம்சம்தான் இன்றுவரை நாம் பயன்படுத்துவது: பேச்சில்லாத இடத்தில் சத்தத்தின் அச்சை எடுத்து, பதிவு முழுவதிலிருந்தும் அந்த அச்சைக் கழிப்பது. ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்குத்தான் அச்சு உண்டு. மின்விசிறிக்கு உண்டு, பிரிட்ஜுக்கு உண்டு. வெடிக்குக் கிடையாது, அது கண் இமைப்பதற்குள் எல்லா அலைவரிசையிலும் விழுந்து, அறைக்குள் உருண்டு, ஓய்கிறது. அளவு மீறிப் பதிவாகித் தலை வெட்டுப்பட்ட அலையைத் திரும்ப ஒட்டவும் முடியாது. கதை வாசிக்கிறவர்கள் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியைப் பதிந்துவையுங்கள். வெட்டிய இடங்களை நிரப்பவும் அச்சு எடுக்கவும் அது உதவும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், 24 பிட்டில் பதியுங்கள். பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

மென்பொருளைக் கையில் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால், ஒரு வழி சொல்கிறேன். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் பெட்டியைத் திறந்தால் ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால், மிஞ்சப்போகும் குரலுக்குப் பதிலாக நீங்கள் தூக்கி எறியப்போகும் பகுதி மட்டும் கேட்கும். அதைக் கண்ணை மூடிக் கேளுங்கள். வெறும் காற்றும் ரீங்காரமும் கேட்டால் சரி. அதற்குள் மனிதக் குரல் கேட்டால், உடைந்த சகரங்களும் சொல்லின் வால்களும் கேட்டால், அளவைக் குறையுங்கள். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் எண் கட்டளை அல்ல. 6 டெசிபல் போதும் என்றால் 6. காதுக்குச் சிறு இரைச்சல் பழகிவிடும். தண்ணீருக்கடியில் பேசுவதுபோன்ற குரல் ஒருபோதும் பழகாது. வரிசையும் முக்கியம்: முதலில் ஹை-பாஸ், பிறகு மென்மையாக நாய்ஸ் ரிடக்ஷன், கடைசியில்தான் கம்ப்ரஸர். கம்ப்ரஸரை முன்னால் போட்டால் அது சத்தத்தையும் தூக்கிவிட்டுத் தரும். நாய்ஸ் கேட்டைத் தமிழ்ப் பேச்சில் போடாமலிருப்பதே நல்லது என்பது என் முடிவு. போட்டே ஆகவேண்டும் என்றால் முழுதாக அடைக்காமல் கொஞ்சம் மட்டும் தணிக்கச் சொல்லுங்கள், மூடுகிற வேகத்தைக் குறையுங்கள். சொல்லின் கடைசி உகரம் வெளியே வருகிற வரை அது திறந்திருக்கட்டும்.

கதை வாசிப்போருக்கு இவ்வளவு போதும். தொழிலாளிகளின் பேச்சைப் பதிவு செய்கிறவர்களோடு இன்னும் பேச இருக்கிறது.

தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்த காலத்தை சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். அந்தத் தலைமுறைக் குழந்தைகள் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேசவேண்டியது நிறைய. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 40 பேரளவில் இறந்துபோனார்கள்; அந்த நாளைப் பற்றிச் சொல்ல அந்தச் சுற்றுவட்டார ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் உங்கள் மைக்குக்கு முன் உட்கார்ந்து அந்த நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே எங்கோ ஒரு வெடி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சு நிற்கிறது. சில நொடி கழித்து, வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறார்.

அந்த வெடியை வெட்டினால் அந்த நிறுத்தத்துக்குக் காரணம் போய்விடும். மௌனத்தைச் சுருக்கும் ‘ட்ரன்கேட் சைலன்ஸ்’ போட்டால் நிறுத்தமே போய்விடும். மிஞ்சுவது தடங்கலில்லாமல் பேசுகிற ஒரு குரல். அவர் அப்படிப் பேசவில்லை. கதை வாசிப்பில் அந்த வெடி சத்தம். இந்தப் பதிவில் அது சாட்சியம். இருமலும் அப்படித்தான். மருந்துப்பொடியோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவர் வாக்கியத்துக்கு வாக்கியம் இருமினால், அந்த இருமலை நீக்கித் தருவது அவருக்குச் செய்யும் உதவி என்று நினைக்கவேண்டாம். அவர் கேட்டுக்கொண்டால் நீக்குங்கள். அது அவருடைய குரல், அவருடைய உரிமை. அவரைக் கேட்காமல் நீக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவால் குரலைத் ‘தெளிவாக்கும்’ சேவைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பட்டனில் அறையே மறைந்துபோகிறது. ஆசை வருவது இயல்பு. அவற்றில் சில, சத்தத்தைக் கழிப்பதோடு நிற்காமல், தெளிவில்லாத இடத்தில் என்ன ஒலி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாக உண்டாக்கி நிரப்புகின்றன. வேறு மொழிகளையே பெரும்பாலும் கேட்டுப் பழகிய ஒரு கருவி, பல் போன ஒரு சாத்தூர்ப் பாட்டியின் ழகரத்தையும் ளகரத்தையும் எப்படி ஊகிக்கும்? கூலி எவ்வளவு, யார் சொன்னார்கள், எந்த அறையில் வேலை பார்த்தோம் என்று சொல்கிற பதிவில் ஊகிக்கப்பட்ட ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. விளம்பரக் குரலுக்குப் பயன்படுத்துங்கள். சாட்சியத்துக்கு வேண்டாம்.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதியாகத் தந்தார். சொல் அச்சில் தங்கிவிட்டது. அதைச் சொல்கிற வாய், இழுப்பு, எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பது அச்சில் தங்காது. அதற்கு உங்கள் கோப்புகள்தான் இருக்கின்றன. ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938இல் தென்னிந்தியாவில் அலைந்து பாட்டுகளையும் கூத்துகளையும் பதிவு செய்தார். 1984இல் நாசிர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பிப்போய், எது நிலைத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். இரைச்சலும் கீறலும் நிறைந்த பதிவுகள்தான். அந்தக் காலத்துக் கருவிகளால் முடிந்த அளவுக்கு யாராவது அவற்றைச் சுத்தம் செய்து, மூலத்தைத் தூக்கி எறிந்திருந்தால் 1984இல் ஒப்பிட என்ன இருந்திருக்கும்?

ஒலி மற்றும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் இதைத் தன் வழிகாட்டி நெறியாகவே வைத்திருக்கிறது: பாதுகாப்புப் பிரதியில் கை வைக்கக் கூடாது, சத்தம் நீக்குவதெல்லாம் அதிலிருந்து எடுத்த நகலில்தான். குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அளவும் சொல்கிறது. நம்மால் முடியாத அளவு ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரப் பேச்சு, ஒற்றை மைக்கில், ஏறக்குறைய அரை ஜிபிதான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள். பதிவு செய்த அன்றே மூலக் கோப்பை வேவ் வடிவத்தில் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். ஊர், தேதி, பேசியவர் சம்மதம், எந்த மைக், வெளியே என்ன சத்தம், நகலில் எதை நீக்கினீர்கள் என்று ஒரு சிறு குறிப்பை அதே கோப்புறையில் எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து இன்றைவிட நல்ல கருவி வரும். உங்கள் பிள்ளைகள் அதை வைத்து மின்விசிறியை மட்டும் எடுத்துவிட்டு உகரத்தை விட்டுவைப்பார்கள். அவர்கள் கையில் மூலம் இருக்கவேண்டும். ஏற்கெனவே சுத்தம் செய்து பதிவேற்றிய பேட்டிகளின் மூலக் கோப்புகள் யாரிடமாவது பழைய மெமரி கார்டில் கிடந்தால், அந்தக் கார்டில் அடுத்த பதிவை ஏற்றுவதற்கு முன், இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

உங்கள் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
ஒரு தோழன்